குறுநிலம் என்ற ஏளனம்

‘குறுநில மன்னர்’ என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகங்களிலிருந்து கொஞ்ச காலத்துக்காவது விலக்கி வைக்க வேண்டும் என்று நான் சொன்னால் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். பழைய சொல்லாயிற்றே என்பார்கள். சொல் பழையதாகவே இருக்கட்டும். அதில் நாம் ஏற்றி வைத்திருக்கும் ஏளனம் புதியது. சேரன், சோழன், பாண்டியன் என்று மூன்று பெரிய அத்தியாயங்கள். பந்தி முடிந்த பிறகு வந்தவனுக்குத் திண்ணையில் இலை போடுகிற மாதிரி, கடைசியில் குறுநில மன்னருக்கு ஒரு பத்தி. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். ஆயிற்று, பாடம் முடிந்தது.

சரித்திரக் கதை எழுதுகிற என் சகாக்களும் இதற்குச் சளைத்தவர்களல்ல. நம் நாவல்களில் ஒரு சிற்றரசன் தலைகாட்டினால் அவன் சதிகாரனாக இருப்பான். இல்லாவிட்டால் கதாநாயகியின் தகப்பனாக இருப்பான். அவனுக்கென்று ஒரு ஊர், ஒரு துறைமுகம், ஒரு ராஜதந்திரம் இருந்திருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

கிரேக்க தேசத்துச் சரித்திரத்தை இப்படிப் படித்தால் என்ன மிஞ்சும்? ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மட்டும் மிஞ்சும். நம்மில் பலருக்கு மிஞ்சியிருப்பதும் அவ்வளவுதான். ஆனால் மெகாரா என்ற சிறு நகரத்தார் கப்பலேறிப் போய்க் குடியேறிய இடங்களில் ஒன்றுதான் பைஜாண்டியம். பிற்காலத்துக் கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். ஏஜினா என்ற சின்னத் தீவு ஆமை பொறித்த வெள்ளிக் காசு அடித்தது. அந்தக் காசு கடல் கடந்த சந்தைகளிலும் செல்லுபடியாயிற்று. கி.மு. 490-இல் மாரத்தான் போர்க்களத்தில் பாரசீகப் படையை எதிர்த்து ஏதென்ஸ் நின்றபோது, துணைக்கு வந்து தோள் கொடுத்தது பிளாட்டீயா என்ற சிற்றூர் ஒன்றுதான். மேனாட்டார் இவற்றையெல்லாம் ஊர் ஊராகத் தோண்டி எழுதி வைத்திருக்கிறார்கள். சின்ன ஊர்தானே என்று யாரும் விட்டுவிடவில்லை.

நாம் விட்டுவிட்டோம். திண்டிவனம் என்றால் நமக்குச் சென்னையிலிருந்து தெற்கே போகும்போது பஸ் நிற்கும் ஊர். விழுப்புரம் என்றால் ரயில் மாறும் ஜங்ஷன். அந்தத் திண்டிவனத்தின் ஒரு பகுதிதான் கிடங்கல். ‘கிடங்கு’ என்றால் அகழி. சங்க காலத்தில் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கிடங்கில் நகரம் அதுதான். அவனைப் பற்றி எழுந்த சிறுபாணாற்றுப்படை பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடிகள். அதைப் பாடிய நத்தத்தனார் ஒரு காரியம் செய்திருக்கிறார். முதலில் வஞ்சி, மதுரை, உறந்தை என்று மூவேந்தரின் தலைநகரங்களை வரிசையாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு, நல்லியக்கோடன் தரும் பரிசிலுக்கு முன்னால் அந்த நகரங்களின் வளமும் சிறிதுதான் என்கிறார். நம் புத்தகங்கள் போட்ட வரிசையை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கவிழ்த்துப் போட்டவர் அவர்!

அந்த நாட்டில் கடற்கரைக்கு எயிற்பட்டினம், முல்லை நிலத்துக்கு வேலூர், மருத நிலத்துக்கு ஆமூர், அரசனுக்குக் கிடங்கில். (இந்த வேலூர் கோட்டை இருக்கிற வேலூர் அல்ல.) எயிற்பட்டினத்துப் பரதவப் பெண் கள் காய்ச்ச எரிக்கும் விறகு என்ன தெரியுமா? அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகிற்கட்டை. அது கரையில் கிடப்பது ஒட்டகம் படுத்துத் தூங்குவது போல இருக்கிறதாம். ஒட்டகமும் அகிலும் உவமையிலும் அடுப்பிலும் சகஜமாகப் புழங்கிய ஊர் உலகம் தெரியாத ஊராக இருந்திருக்க முடியுமா? எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் முடிவு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு வணிகன் கிரேக்க மொழியில் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பில், இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகள் வருகின்றன. பொதுகே புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் பலர் கருதுகிறார்கள். 1945-இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமாபுரி மதுச்சாடிகளின் ஓடுகள் வந்தன. கிரேக்கனுக்குத் தெரிந்திருந்த கரை நம் பாடப் புத்தகத்துக்குத் தெரியவில்லை.

மேற்கே பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர், மலையமான்களின் ஊர். 2019 முதல் அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு விழுப்புரம் மாவட்டம். மலையமான்கள் குதிரை பொறித்த காசு அடித்தார்கள். ஏஜினாவுக்கு ஆமை என்றால் கோவலூருக்குக் குதிரை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். தகடூர் அதியமான் கோவலூரைத் தாக்கினான். தகடூரைச் சேரன் அழித்தான். கூட்டும் பகையும் இப்படி மாறி மாறி நடந்தன. மூவேந்தரில் ஒருவருக்காவது துணை வேண்டியிருக்கும். தூதுவர் பொருளோடு காரியின் வாசலில் வந்து நிற்பார்கள் என்கிறார் கபிலர். பெரியவன் சின்னவனிடம் கையேந்தி நின்ற கதை இது. எந்தப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம்?

மூன்று என்ற கணக்காவது சரியா? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் தன் கல்வெட்டில் தென்னாட்டு அண்டை நாடுகளைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும் சம வரிசையில் வைத்தான். அந்தச் சதியபுத்திரர் யார் என்று பண்டிதர்கள் வெகுநாள் சண்டை போட்டார்கள். 1981-இல் திருக்கோவலூருக்குப் பக்கத்திலுள்ள ஜம்பைக் குன்றில் தமிழி எழுத்தில் விடை கிடைத்தது: சதியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி. பாடலிபுத்திரத்துச் சக்கரவர்த்தி நாலு என்று எண்ணினான். நாம் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

“நம் சிற்றரசுகள் கிரேக்க நகரங்கள் ஆகுமா? ஜனசபை உண்டா? கடல் கடந்த குடியேற்றம் உண்டா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவை மன்னர் ஆண்ட நாடுகள். மெகாரா செய்தது போன்ற குடியேற்றத்தை நான் அவற்றின் தலையில் கட்டவில்லை. கொடையை மட்டும் பேசி அவர்கள் செய்த கொள்ளையையும் கொலையையும் மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஓரியின் ரத்தம் காரியின் கையில் இருக்கிறது. பொய்ப் பெருமை வேண்டாம். நடந்ததை நடந்த இடத்தின் பெயரோடு சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஏன் சொல்ல வேண்டும்? கி.மு. 416-இல் ஏதென்ஸ் மீலோஸ் என்ற சிறு தீவை முற்றுகையிட்டது. பணிந்ததும் ஆண்களைக் கொன்றது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அதை எழுதி வைத்தவர் துசிடிடீஸ் என்ற ஏதென்ஸ்காரரே. நம் நாட்டில் சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளை யானைக் காலில் இட நிறுத்தினான். அழுத பிள்ளைகள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து நின்றன. கோவூர்கிழார் என்ற புலவர் குறுக்கே போய் வாதாடி அவர்களைக் காப்பாற்றினார். புறநானூற்றில் இருக்கிறது. மீலோஸின் கதி ஐரோப்பாவில் படித்தவனுக்கெல்லாம் தெரியும். கோவலூர்ப் பிள்ளைகளின் கதை விழுப்புரத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரிய அரசைப் பற்றி மட்டும் படித்து வளர்கிற பிள்ளை, யானையின் மேல் உட்கார்ந்திருப்பவனோடுதான் தன்னைச் சேர்த்துக்கொள்ளும். காலடியில் நிற்கும் குழந்தையாகத் தன்னை நினைத்துப் பார்க்காது. சரித்திரம் என்றால் தஞ்சாவூரில் நடப்பது, தன் ஊரில் ஒன்றுமில்லை என்றும் நம்பிவிடும்.

ஆகவே, திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் சரித்திர வகுப்பு கிடங்கலில் ஆரம்பிக்கட்டும். வாத்தியார் பிள்ளைகளை அங்கே நடத்தி அழைத்துப் போகட்டும். மறுவாரம் மரக்காணத்துக்குப் பஸ் ஏற்றட்டும். மூவேந்தர் அத்தியாயம் எங்கேயும் ஓடிவிடாது. அதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.