கதவு வைத்த வீட்டுக்காரி



சிலந்தி என்றதும் கூரை மூலையில் தொங்கும் ஒட்டடைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், தொங்கும் வலை பின்னாமல், மண்ணைக் குடைந்து, வாசலுக்குக் கதவும் போட்டுக் குடித்தனம் நடத்தும் சிலந்தியும் உண்டு. யானுக்குத் தெற்கே கடலுக்கு அப்பால் இருக்கும் பினாங்குத் தீவு அதன் ஊர். 1849-இல் ஷியோட்டே என்ற டென்மார்க் நாட்டு அறிஞர் அதற்கு லிபிஸ்டியஸ் டெசல்டோர் என்று பெயர் சூட்டினார். நாம் கதவுச் சிலந்தி என்போமே!

நிழலும் ஈரமும் உள்ள காட்டுச் சரிவுகளில், பாதையோர மண்மேடுகளில் அது வளை தோண்டும். மண்ணையும் பாசியையும் நூலால் ஒட்டி மூடி செய்து, ஒரு பக்கத்தைக் கீல்போல் பிணைத்துவிடும். மூடியிருந்தால், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. வாசலிலிருந்து ஆறு முதல் எட்டு இழைகளை வெளியே பரப்பி வைக்கும். இரவில் முன்கால்களை அவற்றின்மேல் வைத்துக் காத்திருக்கும். பூச்சி ஏதும் இழையில் இடறினால் போதும். கதவு திறக்கும், இரை உள்ளே போகும்!

இதன் வயிற்றின்மேல் ஓடு வேய்ந்தாற்போல் தகடுகள் வரிசையாக இருக்கும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளில் பதிந்துள்ள சிலந்திகளிலும் இதே தகடுகளைக் காணலாம். அத்தனை பழைய குடும்பம்!

ஆனால் இதற்கு ஊர்விட்டு ஊர் போகத் தெரியாது. பல சிலந்திகளின் குஞ்சுகள் நூல்விட்டுக் காற்றில் பறந்து போகும். இதன் குஞ்சுகளோ தாய்வளைக்கு அருகிலேயே மண்ணைத் தோண்டும். ஒரு மேட்டை வெட்டினால் குடும்பமே அழியும். பேராக்கில் உள்ள கந்தான் குகைச் சிலந்திக்கு 1997-இல் பெயர் வைத்தார்கள். அந்தக் குகைதான் அதற்கு வீடு. அந்தக் குன்றையோ சிமெண்டுக்காக உடைத்து வந்திருக்கிறார்கள்.

"சிலந்தி போனால் நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். 2021 ஆகஸ்ட் 18-இல் ஜெராய் மலையிலிருந்து மண்ணும் மரமும் வெள்ளத்தோடு யான் பக்கம் இறங்கியதையும், உயிர்கள் போனதையும் நாம் மறக்கவில்லை. சரிவிலே மண் நிலைத்து நிற்க மரமும் வேரும் வேண்டும். கதவுச் சிலந்திக்கு வேண்டியதும் அந்த நிழலும் அசையாத மண்ணும்தான்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளை அருவிக்கு அழைத்துப் போகும்போது மண்மேட்டைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். சிறிய வட்டக் கதவு ஏதும் கண்ணில் பட்டால் பார்க்கட்டும். குச்சியால் கிளற வேண்டாம். அது ஒருத்தி குடியிருக்கும் வீடு.