சுவர் வேணாம் சாமி, வேலி போதும்!

மனை வாங்கின கையோட நம்ம ஆளுங்க செய்யற முதல் வேலை காம்பவுண்ட் சுவர். வீடு எந்தத் திசை பார்க்கும்னு முடிவாகியிருக்காது, ஒரு வேப்பங்கன்னு கூட நட்டிருக்க மாட்டாங்க. ஆனா கொத்தனாருக்கு அட்வான்ஸ் போயிருக்கும். கேட்டா "பாதுகாப்பு சார்" அப்படிம்பாங்க. யார்கிட்டேர்ந்து யாருக்குப் பாதுகாப்புன்னு கேட்டா பதில் வராது.

இப்ப ஏன் இந்தப் புலம்பல்னா, மண்டகப்பட்டு பக்கத்துல 10 சென்ட் மனை வாங்கியிருக்கற நண்பர் ஒருத்தர், வீட்டுக்குப் பின்னாடி நாலு மரம், பத்துக் கோழி, சுத்தி வேலின்னு ஒரு திட்டம் போட்டுக் குடுங்கன்னு கேட்டார். போட்டுக் குடுத்தேன். பார்த்துட்டு, "எல்லாம் சரிங்க, முதல்ல சுவரைக் கட்டிடறேன். மிச்சக் காசுல மத்ததெல்லாம்" அப்படின்னுட்டார். மிச்சமா? வாங்க, கணக்குப் போடுவோம்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 10 சென்ட்னா 4,356. சதுரமான மனையா இருந்தா பக்கத்துக்கு 66 அடி, சுத்தளவு 264 அடி. அஞ்சடி உயரத்துல சுவர் வச்சா 1,320 சதுர அடிச் சுவர். ஒன்பது அங்குலச் சுவருக்கு சதுர அடிக்கு சுமார் 10 கல்லு பிடிக்கும். ஆக 13,000 செங்கல்! சிமென்ட், மணல், கம்பி, அஸ்திவாரம், பூச்சு எல்லாம் தனி. இத்தனையும் எதுக்கு? உள்ள இருக்கப் போற பத்துக் கோழிக்கும் ஒரு கொய்யாச் செடிக்கும் :-)

இதே மண்டகப்பட்டுல 1,400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராஜா என்ன செஞ்சாருன்னு நண்பருக்குத் தெரியாதா என்ன? ஏழாம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன். பாறையைக் குடைஞ்சு பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் கோயில் எடுத்தார். அங்க இருக்கற கல்வெட்டுல அவர் பெருமையா பதிஞ்சு வச்சது எதை? செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாமக் கட்டினேன்கறதைத்தான். என்னென்ன போட்டோம்னு இல்ல, என்னென்ன போடலைன்னு சொன்ன மனுஷன். அவர் ஊர்ல நாம 13,000 கல்லு அடுக்கப் போறோம்.

செங்கல், இரும்பு, சுண்ணாம்பு மூணும் இல்லாம வேலியும் போடலாம். மரம் மட்டும் வேணும், அதுவும் உயிரோட. அதுக்குப் பேரு உயிர்வேலி. முள்கிளுவை, ஒதியன், பூவரசு, கல்யாண முருங்கை... எல்லாமே போத்து வெட்டி நட்டாத் துளிர்க்கற ஜாதி. அடிக்கு ஒண்ணுன்னு வச்சா, பத்தடி வாசல் போக 254 போத்து. ஆடு மேயற பக்கத்துல நொச்சியும் ஆடாதொடையும் நடுங்க. ஆடு தொடாத இலைங்கறது பேர்லயே இருக்கே! ஆடி, ஆவணியில நட்டா ஐப்பசி அடைமழைக்குள்ள வேர் பிடிச்சிடும். அதுக்கு முன்னாடி சர்வேயரை வச்சு அளந்து, அத்துக்கல்லு நட்டு, ஒண்ணு ரெண்டு அடி உள்ள தள்ளி நடுங்க. பக்கத்து மனைக்காரரோட வாய்த்தகராறு மிச்சம்.

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம்.

"முதல் வருஷம் ஆடு மாடு பூந்துடுமே?" பூரும், ஒத்துக்கறேன். அதுக்குத்தான் நம்ம ஊர் பூரா மண்டிக் கிடக்கற வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் படல் மாதிரி அடைக்கணும். இந்த நாட்டுக்கு அது 1877 வாக்குல வந்தது. வேலியைக் காக்கும்னு பேரு வச்சோம், ஏரி, குளம் எல்லாத்தையும் அது எடுத்துக்கிச்சு. அதுக்கு ஏத்த வேலை செத்த முள்ளா கிடக்கறதுதான். "சீக்கிரம் அடர்த்தியா வளருமே"ன்னு நர்சரிக்காரர் பேச்சைக் கேட்டு கோனோகார்பஸும் வைக்காதீங்க. 2023ல குஜராத் அரசும், 2025ல நம்ம அரசும் தடை போட்ட செடி அது.

"கோழிக்குப் பாதுகாப்பு?" இங்கதான் எல்லாரும் குழப்பிக்கறாங்க. ராத்திரி வர்ற மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும் அஞ்சடிச் சுவர் ஒரு பொருட்டே இல்ல. பகல்ல வர்ற கீரி தண்ணி போற ஓட்டை வழியா வந்துடும். பருந்துக்கு சுவர் எதுக்கு? கோழியைக் காப்பாத்தறது கூண்டுதான். கம்பி வலைக்கு வச்ச காசை அங்க போடுங்க. 5 அடிக்கு 4 அடி, பத்து உருப்படிக்குப் போதும். தரையிலேர்ந்து ரெண்டடி தூக்கிக் கால் வச்சு, நாலு பக்கமும் அரை அங்குல வெல்டு மெஷ். அறுகோண ஓட்டை போட்ட கோழிவலை கோழி வெளிய போகாமத் தடுக்கும், அவ்வளவுதான். பல்லு இருக்கற பிராணியை அது தடுக்காது. நீளவாட்டம் கிழக்கு மேற்கா இருந்தா வெயில் உள்ள அடிக்காது. குஞ்சு பொரிச்சா பஞ்சாரத்துல கவிழ்த்து வைங்க. பருந்தைக் கண்டதும் ஓடி ஒளியறதுக்குக் கோழிக்கு உயிர்வேலி அடிவாரம் மாதிரி இடம் கிடையாது.

மரத்துக்கும் இதே கதைதான். சுவரை ஒட்டி மா வைக்க முடியாது, வேர் சுவரைப் பிளக்கும். 66 அடியில வீடு போக மிச்சத்துல ஒரு மா, ஒரு நெல்லி, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை போதும். முருங்கை வேலியிலயே நிக்கட்டும். 2011 டிசம்பர் 30ல தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் என்ன பாடு படுத்துச்சுன்னு நம்ம பக்கத்து ஆளுங்க மறந்திருக்க மாட்டாங்க. பெரிய மரத்தை வீட்டை விட்டுத் தள்ளி வைங்க.

கடைசியா, முக்கியமான விஷயம். 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்ப மயிலத்துல 24 மணி நேரத்துல சுமார் 50 செ.மீ. மழை. அவ்வளவு தண்ணி வரும்போது மனைக்கு மனை சுவர் நின்னா அது எந்தப் பக்கம் போகும்? பள்ளத்துல இருக்கறவன் வீட்டுக்குத்தான். வேலின்னா தண்ணி பூந்து போயிடும், மண்ணு மட்டும் நிக்கும்.

சுவர் பாதுகாப்புங்கறவங்க இன்னொரு தேதியையும் நினைவுல வச்சுக்கணும். 2019 டிசம்பர் 2, விடியக்காலை. மேட்டுப்பாளையம் நடூர்ல ஒரு பங்களாவோட சுற்றுச்சுவர் மழையில இடிஞ்சு, ஒட்டியிருந்த தலித் குடியிருப்புல தூங்கிக்கிட்டிருந்த 17 பேர் செத்துப் போனாங்க. அதைத் தீண்டாமைச் சுவர்னே அந்த மக்கள் சொன்னாங்க. சுவர் கட்டறவர் எல்லாரும் அப்படின்னு நான் சொல்லல. ஆனா பக்கத்துல யார் இருக்காங்கன்னு பார்க்காம இருக்கறதுக்குத்தான் சுவர் வசதியா இருக்கு. வேலி அப்படி இல்ல. இந்தப் பக்கம் கிளை வெட்டினா அந்தப் பக்கத்து ஆட்டுக்குத் தழை. பக்கத்து வீட்டுக்கீரையை என் கோழி கிளறினா, அங்கேர்ந்தே திட்டு கேட்கும். ரெண்டு முட்டை குடுத்து சமாதானம் ஆகலாம்.

நண்பர் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். ஆடி பொறக்கறதுக்குள்ள முடிவு பண்ணுங்கய்யா, போத்து வெட்ட நான் வர்றேன்.

பி.கு.: கூண்டு எவ்வளவு பலமா இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தா மொத்தக் கோழியும் போயிடும். குஞ்சுக்கு 7ம் நாள் கண்ணுல சொட்டு மருந்து, 8 வாரத்துல ஊசி. மாட்டாஸ்பத்திரியில கேளுங்க. வழக்கமா பிப்ரவரியில இருவார முகாமும் நடக்கும், இலவசம். சுவருக்கு ஆன செலவுல இதெல்லாம் எந்த மூலைக்கு!