லேப் சாவி யாரிடம்?

கோடை விடுமுறை வந்தால் போதும், பெற்றோர் பலரிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான். "சார், பையன் எந்நேரமும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்ங்கிறான். எந்தக் கோர்ஸ்ல சேர்க்கலாம்?" நான் ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியன். கம்ப்யூட்டர் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2006-இல் என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன், பள்ளியின் டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டான். கையில் இரண்டு போட்டேன். அதோடு விட்டேனா? அவன் அப்பாவை வரவழைத்து எல்லார் முன்னாலும் நிறுத்தினேன். மோட்டார் காயில் கட்டும் கடையில் கூலிக்கு இருந்தவர் அவர். கைகட்டி நின்றார். அந்த ரேடியோ ஆறு மாதமாகப் பாடவே இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அவன் இப்போது வெப் டெவலப்பர். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். "எங்கடா படிச்ச?" என்றேன். படித்த பட்டம் பி.காம். கம்ப்யூட்டர் எங்கும் படிக்கவில்லை. 2011-இல் அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது இவன் பிளஸ் டூ. வீட்டில் இன்டர்நெட் கிடையாது. பிரவுசிங் சென்டரில் பிடித்த பக்கங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, நோட்பேடில் திறந்து பார்ப்பானாம். ஒரு வார்த்தையை மாற்றினால் பக்கத்தின் நிறம் மாறும். இன்னொன்றை அழித்தால் மொத்தமும் குலைந்துபோகும். ஏன் குலைந்தது என்று தேடித் தேடித்தான் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எல்லாம். ரேடியோவைப் பிரித்த அதே புத்திதான்!

ஓட்டைகளும் உண்டு, அவனே சொன்னான். முதலில் செய்துகொடுத்த ஒரு கடையின் வெப்சைட்டுக்குள் எவனோ புகுந்துவிட்டானாம். காசு வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்திருக்கிறான். அதனால் கோர்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் கொஞ்ச நாள் பிரித்துப் பார்க்க விடுங்கள், பிறகு சேர்க்கலாம்.

ரேடியோ பற்றி அவன் பேசவில்லை. நானும் எடுக்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.

வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீயும் சின்ன வயதில் பொம்மை ரயிலை வைத்து எலக்ட்ரானிக்ஸ் பழகியவர்தான். கல்லூரியில் படித்தது இயற்பியல். பழைய டிவி பெட்டி ஒன்றை வாங்கி அதைக்கொண்டு கம்ப்யூட்டர் செய்திருக்கிறார். ஆனால் அவருடைய தாய், தந்தை இருவருமே ஆரம்பகாலக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர்கள். பிரித்துப் போட்டால் திட்டாத வீடு அவருக்கு வாய்த்தது. நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த வீடு பள்ளிக்கூடம்தான்.

அங்கே என்ன செய்தோம்? எங்கள் பள்ளிக்கு வந்த மூன்று கம்ப்யூட்டர்களும் துணி போர்த்தி, தலைமை ஆசிரியர் அறையில் பூட்டியே கிடந்தன. ரிப்பேர் ஆனால் யார் பதில் சொல்வது என்ற பயம். பயம் நியாயம்தான், ஆடிட்டில் கேட்பார்கள். ஆனால் அவை பயன்படாமலேயே பழுதாகிப் போயின. அதற்கு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளியில் லேப் இருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் திறக்கிறார்கள் என்று அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். பாடம் எதுவும் நடத்தாமல், பிள்ளைகளைச் சும்மா நோண்ட விடுகிற ஒரு மணி நேரம் அதில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிலைக் கமென்டில் போடுங்கள்.