நோவின் முதல் நேரம்: அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

"நேற்று விடியப்புறம் தொடங்கின நோ, இன்னும் பிள்ளை பிறக்கேல்லை" என்று ஒருவர் வந்து சொன்னால் வீட்டிலுள்ள எல்லோர் முகமும் வாடிவிடுகிறது. சொந்தக் காணியையும் அயலையும் இழந்து, பிரதான வீதியிலிருந்து தூரத்தில் குடியிருக்கும் நமக்கு அந்தப் பயம் இரட்டிப்பாகும். முன்பு பக்கத்து வளவில் இருந்த மாமியும் பெரியம்மாவும் இன்று எங்கோ இருக்கிறார்கள். "இது ஆரம்ப நோ, பயப்படாதே" என்று சொல்ல ஆள் இல்லை. இந்த ஆரம்ப நோவைப் பற்றி நாம் எல்லோரும் சரிவர அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளைப்பேற்றின் முதற் கட்டம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதியில் கருப்பையின் வாய் மெதுவாக இளகி, மெல்லியதாகி, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வரை விரிகிறது. இப்பகுதியில் நோ வரும், போகும். சில வேளை இரவில் வந்து பகலில் அடங்கிவிடும். அதன் பின்னர் நோ ஒழுங்காகவும் பலமாகவும் வந்து, வாய் 10 சென்ரிமீற்றர் வரை முழுமையாக விரியும். இந்த இரண்டாவது பகுதி தலைப்பிள்ளைக்கு வழக்கமாக 12 மணித்தியாலத்துக்கும், அடுத்த பிள்ளைகளுக்கு 10 மணித்தியாலத்துக்கும் மேற்படுவதில்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. முதற் பகுதிக்கோ அது எந்த எல்லையும் குறிக்கவில்லை. அது தாய்க்குத் தாய் மிகவும் வேறுபடும்.

விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைத்தவர்களுக்கு இது விளங்கும். முளை வெளியே தெரியாத நேரத்திலும் உள்ளே வேலை நடக்கிறது. நாழிகைக்கு ஒருமுறை சாக்கை அவிழ்த்துக் கிளறுவதால் முளை விரைந்து வராது. ஆனால் சாக்கு காய்ந்துவிடாமல் பார்க்க வேண்டிய பொறுப்பு கமக்காரனுக்கு உண்டு.

மருத்துவ உலகமும் இதை ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. 1955இல் நியூயோர்க்கில் பிரீட்மன் என்ற மருத்துவர் 500 தலைப்பிரசவங்களை ஆராய்ந்து, பிள்ளைப்பேறு எவ்வளவு நேரத்தில் எப்படி முன்னேறுகிறது என்று வரைந்து காட்டினார். ஆரம்பப் பகுதி தலைப்பிள்ளைக்கு 20 மணித்தியாலத்தையும், மற்றவர்களுக்கு 14 மணித்தியாலத்தையும் தாண்டினால் அது நீடித்தது என்ற கணக்கும் அவரிடமிருந்தே வந்தது. பின்னர் பல இடங்களில் அக்கணக்கு தாயை விரட்டும் மணிக்கூடாக மாறியது. ஆரம்ப நோவுடனேயே அனுமதிக்கப்படும் தாய்மாருக்கு நோவைக் கூட்டும் மருந்து ஏற்றுவதும் சிசேரியன் சத்திரசிகிச்சை செய்வதும் அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டின.

இதைக் கேட்டு, "அப்படியானால் வீட்டிலேயே இருந்துவிடலாம்" என்று எவரும் முடிவெடுக்கக் கூடாது. நேரத்துடன் ஆஸ்பத்திரிக்குப் போவோரில் பலர், தொடக்கத்திலிருந்தே கடினமான நோவுடன் இருப்பவர்கள். ஆரம்பப் பகுதி மிக நீண்டால் தாய் உறக்கமின்றிக் களைக்கிறாள், உண்ணாமல் குடியாமல் வாடுகிறாள். பன்னீர்க்குடம் உடைந்து நேரம் சென்றால் கிருமி தொற்றவும் இடமுண்டு. நோ நீளுகிறது என்பது மட்டும் ஆபத்தல்ல. நீளும் நோவில் கவனிப்பாரின்றித் தாய் தனித்துவிடப்படுவதே ஆபத்து.

நாம் நேரில் அறிந்த ஒரு குடும்பத்தின் கதை இது. தலைப்பிள்ளைக்கு ஆரம்ப நோவுடனேயே அந்தத் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். மூன்று நாள் விடுதியில் இருந்தாள். "இந்தச் சின்ன நோவுக்கு ஏன் இப்பவே வந்தனீர்?" என்று ஒருவர் ஏசினார். கணவனுக்கு மூன்று நாட் கூலி போயிற்று. இரண்டாவது பிள்ளைக்கு நோக் கண்டபோது, ஏச்சுக்குப் பயந்து அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் விரைவாகப் பிறப்பார்கள் என்பதை அவளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. லான்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு போகையில், குன்றும் குழியுமான வழியிலேயே பிள்ளை பிறந்தது. தாய்க்குக் கடுமையான இரத்தப்போக்கு. இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த ஒரு ஏச்சு இரண்டு உயிர்களைக் கொண்டுபோகப் பார்த்தது.

தூரமும் மருத்துவக் கணக்கில் சேரவேண்டியதே. 1972இல், இன்று சிம்பாப்வே எனப்படும் நாட்டில், பில்பொட், காசில் என்ற இருவர் பிள்ளைப்பேற்றின் முன்னேற்றத்தைக் குறிக்கும் தாளில் இரு கோடுகளை வரைந்தார்கள். முதலாவது எச்சரிக்கைக் கோடு. நான்கு மணித்தியாலம் தள்ளி வருவது நடவடிக்கைக் கோடு. வெளியூர்ச் சிறு நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாயைக் கொண்டு சேர்க்கும் அவகாசமே அந்த இடைவெளி. மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற அந்தக் கோட்டின் வேகம் எல்லாத் தாய்மாருக்கும் பொருந்தாது என்று பின்னர் அறியப்பட்டது. ஆனால் வழியின் நீளத்தையும் சேர்த்து எண்ணிய அந்தச் சிந்தனை இன்றும் சரியானதே.

ஆகவே ஆஸ்பத்திரிகளிடம் நாம் கேட்பது இதுதான். தூரத்திலிருந்து ஆரம்ப நோவுடன் வரும் தாயை ஏசாதீர்கள், திருப்பி அனுப்பாதீர்கள். பிள்ளை நலமாக இருந்தால் அவசரப்படுத்தவும் வேண்டாம். நடமாடவும், உண்ணவும், விரும்பிய ஒரு துணையுடன் ஓய்வெடுக்கவும் ஓர் இடம் கொடுங்கள். ஆரம்ப நோவுடன் வருபவரைச் சேர்க்காமல் விடுவதைப் பொது வழக்கமாக்க வேண்டாம் என்பதே 2018ஆம் ஆண்டு வழிகாட்டலின் கருத்தும்.

குடும்பங்களாக நாம் செய்யவேண்டியவையும் உண்டு. ஆரம்ப நோவில் தாய் கஞ்சியோ தேநீரோ குடிக்கட்டும், இலகுவான உணவு உண்ணட்டும். இயன்றபோது நடக்கட்டும், களைத்தால் சரிந்து படுக்கட்டும். நோவைக் கூட்டக் கைமருந்து கொடுப்பதும், வயிற்றை அழுத்துவதும், நேரம் வருமுன் முக்கச் சொல்வதும் கூடாது. மருத்துவமாதுவுக்கு உடனே அறிவியுங்கள்.

பன்னீர்க்குடம் உடைந்தால், இரத்தம் போனால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், காய்ச்சல், வலிப்பு, கடும் தலையிடி, கண் மங்கல், விடாத வயிற்று நோ ஏற்பட்டால் ஒரு கணமும் காத்திராதீர்கள். மாதம் நிறையுமுன் நோக் கண்டவர்களும், முன்பு சிசேரியன் செய்தவர்களும், இரட்டைப் பிள்ளை உள்ளவர்களும், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதல் நோவுடனேயே புறப்பட வேண்டும். வழி தூரமானவர்கள் அடுத்த பிள்ளைக்கு ஒருபோதும் தாமதிக்கக் கூடாது.

கட்டணமில்லாத 1990 அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்கிற்கும் வந்தது. அந்த இலக்கத்தைப் படலையிலேயே எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் வண்டி உள்ளே வர முடியாத குடியிருப்புகளில், வீதிவரை கொண்டு சேர்ப்பது யாருடைய வாகனம் என்பதை எட்டாம் மாதத்திலேயே அயலவர் கூடித் தீர்மானியுங்கள். அப்பணம் பிந்திக் கொடுக்கலாம். நேரத்தைப் பிந்திக் கொடுக்க முடியாது.

அயலையும் சுற்றத்தையும் இழந்த ஒரு பெண்ணுக்கு அந்த நீண்ட இரவில் நாமே அயல், நாமே சுற்றம். அவளருகே ஒருவர் விழித்திருந்தால் பாதிப் பயம் தீரும்.