படலையைத் திறக்கு முன்

கொடுத்து வாங்கி வாழ்வது உழவர் குடும்பங்களின் பழைய வழக்கம். விதை நெல்லைக் கைமாற்றாகக் கொடுப்போம். அறுவடைக்கு ஆள் மாறி ஆள் இறங்குவோம். இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்த நாட்களிலும் ஒரு வீட்டு மண்வெட்டி நான்கு வீட்டுக்கு உழைத்தது. அந்த வழக்கமே இன்று கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. பாட்டு, படம், பிள்ளைகளின் பாடக்குறிப்பு, கடந்தகால வினாத்தாள், கலியாண வீட்டு வீடியோ எல்லாம் ஒருவரின் கருவியிலிருந்து இன்னொருவரின் கருவிக்கு நேரடியாகவே போய்ச் சேருகின்றன. இதைக் குறைகூற நாம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் டேட்டாவுக்குக் காசு கொடுக்க முடியாத வீட்டுக்கு அது சிக்கனமான வழி. ஆனால் எதைக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுப்பது தானமாகாது. அது படலையைத் திறந்துபோட்டுவிட்டு நித்திரைக்குப் போவதற்குச் சமம்.

அண்மையில் ஒரு தாய் எம்மிடம் வந்து அழுதார். அவருடைய மகன் கலியாண வீடியோ ஒன்றை நண்பனின் தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறான். ஒன்றொன்றாகத் தெரிவு செய்யப் பஞ்சிப்பட்டு, முழுக் கோப்புறையையும் அனுப்பிவிட்டான். அதற்குள் என்ன இருந்தது? தாயின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி, மூத்த மகளின் படங்கள். நண்பன் நல்ல பிள்ளைதான். ஆனால் அவனுடைய தொலைபேசியை எத்தனை பேர் கையாளுகிறார்கள் என்று அவனுக்கே தெரியாது. “தம்பி அழிச்சிட்டன் எண்டு சொல்லுறான், பாதர். ஆனா எத்தினை இடத்துக்குப் போட்டுதோ, ஆருக்குத் தெரியும்?” என்று அந்தத் தாய் கேட்டபோது எம்மிடம் பதில் இருக்கவில்லை.

இந்தக் கேள்வி எமது மக்களுக்கு மற்றவர்களை விடக் கனமானது. காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தவர்கள் நாம். வழியில் அவற்றைத் தொலைத்தவர்கள் பட்ட பாடு எமக்குத் தெரியும். அதனால்தான் இன்று எல்லாப் பத்திரங்களையும் படமெடுத்துத் தொலைபேசியில் வைத்திருக்கிறோம். அது புத்தியான செயலே. ஆயினும் அன்று நாம் பயந்தது கடதாசி தொலைந்துவிடும் என்பதற்கு. இன்று பயப்பட வேண்டியது, எமது கையில் இருக்கும்போதே அதன் பிரதி ஊரெல்லாம் போய்விடும் என்பதற்கு.

இந்த முறை எப்படி வந்தது?

இரு கணனிகள் நேரடியாகக் கோப்புக்களைக் கொடுத்து வாங்கும் முறையை உலகெங்கும் பிரபலமாக்கியது நாப்ஸ்டர் என்ற மென்பொருள். ஷோன் ஃபானிங் என்ற அமெரிக்க மாணவர் 1999 இல் அதை வெளியிட்டார். எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நடுவில் ஒரு கணனியில் இருந்தது. பாட்டு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரே போனது. இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 இல் அந்தச் சேவை நின்றது. அதே ஆண்டில் பிராம் கோஹன் என்பவர் பிட்டொரென்ட் என்ற முறையைக் கொண்டுவந்தார். இதில் பெரிய கோப்பு ஒன்று சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள துண்டைக் கொடுத்து இல்லாத துண்டை வாங்குகின்றனர். கூட்டாக அரிவு வெட்டுவது போன்ற ஏற்பாடு அது. ஆட்கள் கூடக்கூட வேலை விரைவாக முடிகிறது.

இந்த நுட்பத்தில் தன்னளவில் பிழை இல்லை. டெபியன், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்கள் இந்த வழியாகவும் விநியோகிக்கப்படுகின்றன. இன்டர்நெட் ஆக்கைவ் என்ற இணைய நூலகமும் 2012 முதல் தனது நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் இவ்வழியே தருகிறது. கத்தியைப் போன்றதுதான் இதுவும். பிடிக்கத் தெரியாவிட்டால் கை வெட்டுப்படும்.

திறந்து கிடந்த களஞ்சியம்

லைம்வயர் போன்ற பழைய மென்பொருட்கள் கணனியிலுள்ள ஒரு கோப்புறையைப் பகிர்வுக்கென ஒதுக்கின. பலர் அறியாமல் தமது முழு ஆவணக் கோப்புறையையும் அதற்குள் அடக்கிவிட்டார்கள். பாட்டுத் தேடி வந்தவர்கள் வரிப் பத்திரத்தையும் வைத்திய அறிக்கையையும் எடுத்துப் போனார்கள். 2007 இன் இறுதியில் அமெரிக்காவின் முதலீட்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர் இவ்வாறு பாட்டுப் பகிரப் போய், ஏறத்தாழ 2,000 வாடிக்கையாளரின் விபரங்களை வெளியே விட்டார். அவர்களுள் ஒருவர் அந்நாட்டு உயர் நீதிமன்ற நீதியரசர் ஸ்டீபன் பிரையர். அவருடைய பிறந்த திகதியும் சமூகப் பாதுகாப்பு இலக்கமும் கூட வெளியில் கிடந்தன. 2010 பெப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, இதே வகையில் தகவல் கசிந்துள்ளதென ஏறத்தாழ 100 நிறுவனங்களை எச்சரித்தது. நாட்டின் நீதியரசருக்கே இக்கதி என்றால், நானும் நீங்களும் எம்மாத்திரம்?

இது கணனியோடு மட்டும் நிற்கவில்லை. எமது கிராமங்களிலும் நன்கு அறிமுகமான ஷெயார்இட் என்ற செயலியில் இருந்த குறைபாடுகள் 2019 இல் பகிரங்கமாயின. ஒரே வைபை வலையமைப்பில் இருக்கும் ஒருவர், சொந்தக்காரருக்குத் தெரியாமலே அவருடைய தொலைபேசியிலிருந்து கோப்புக்களை எடுக்க அவை இடங்கொடுத்தன. அவற்றை நிறுவனம் 2018 இலேயே திருத்தியிருந்தது. ஆனால் 2021 பெப்ரவரியில் ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் அதே செயலியில் வேறு குறைகளை வெளியிட்டது. அவையும் அதன் பின்னர் திருத்தப்பட்டன. இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது ஒன்று. செயலியைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர், ஓட்டை அடைக்கப்பட்ட பின்னும் ஓட்டைச் சாக்கையே சுமந்து திரிகிறார்.

காலடித் தடம்

பிட்டொரென்டில் ஒரு கோப்பை எடுக்கும்போது எமது இணைய முகவரி அந்தக் கூட்டத்திலுள்ள மற்றவர்களுக்குத் தெரிகிறது. தெரிந்தால்தான் துண்டை அனுப்பலாம். அந்தக் கூட்டத்தில் எவரும் சேரலாம். சேர்ந்து எல்லோருடைய முகவரியையும் எழுதிவைக்கலாம். பிரான்சின் இன்ரியா நிறுவன ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரேயொரு கணனியைக் கொண்டு 103 நாட்களில் 14 கோடியே 80 இலட்சம் இணைய முகவரிகளைத் திரட்டிக் காட்டினார்கள். “நான் யாரென்று யாருக்குத் தெரியும்” என்று நினைப்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்த முறையில் எடுப்பவர் எடுக்கும்போதே கொடுப்பவராகவும் ஆகிறார். ஆகவே உரிமை பெறாத படத்தை எடுப்பவர், சட்டத்தின் கண்ணில் அதை விநியோகித்தவராகவும் கருதப்படலாம். அமெரிக்க இசை நிறுவனங்கள் 2003 முதல் சில ஆண்டுகளில் 30,000 க்கும் மேற்பட்டோர் மீது நடவடிக்கை எடுத்தன. 24 பாட்டுக்களுக்காக ஒரு தாய்க்கு 2,22,000 டொலர் விதிக்கப்பட்டது. ஜேர்மனியில் இன்றும் வழக்கறிஞர்களின் எச்சரிக்கைக் கடிதங்கள் வீட்டுக்கு வருகின்றன. பல நூறு யூரோ கேட்கப்படுகிறது. இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவருக்கே கடிதம் முதலில் வரும். அங்குள்ள உறவினர் வீட்டுக்குப் போகும் எமது பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது. இலங்கையிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியின் உரிமையைக் காக்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைப்போம். விளைவித்தவனுக்கு விலை கிடைக்க வேண்டும் என்று சந்தையில் குரல் கொடுக்கும் நாம், பாட்டை விளைவித்தவனுக்கு மட்டும் அது வேண்டாம் என்று சொல்லலாமா?

பன்றி நெல்

வயலில் பன்றி நெல் நல்ல நெல்லைப் போலவே வளரும். கதிர் வந்த பிறகுதான் அது வேறென்று தெரியும். கோப்புக்களிலும் அப்படியே. படத்தின் பெயரில் வருவது சில வேளை கணனிக்குள் புகுந்து கெடுதி செய்யும் நிரலாக இருக்கும். பிட்டொரென்ட் ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கிறது என்பது உண்மை. ஆனால் அது பார்ப்பது, அனுப்பியவர் வைத்த அதே துண்டு வந்ததா என்பதை மட்டுமே. அனுப்பியவர் நஞ்சை வைத்திருந்தால் நஞ்சே சிந்தாமல் சிதறாமல் வந்து சேரும்.

நம்பிய கடையிலும் சில வேளை கலப்படம் நேரும். 2016 மார்ச்சில் ட்ரான்ஸ்மிஷன் என்ற நன்மதிப்புள்ள பிட்டொரென்ட் மென்பொருளின் சொந்த இணையத்தளத்திலேயே விஷமிகள் புகுந்து, கெட்ட பிரதியை வைத்துவிட்டார்கள். அதை நிறுவிய மக் கணனிகளில் கோப்புக்களைப் பூட்டிவிட்டு ஒரு பிட்கொயின் கப்பம் கேட்கும்படி அது செய்யப்பட்டிருந்தது. பத்திரங்களின் வேறொரு பிரதியைத் தனியாக வைத்திருப்பவர் மட்டுமே இப்படியான நேரத்தில் நிம்மதியாக இருக்கலாம்.

முகமூடி போட்டால் போதுமா?

இளைஞர்கள் சிலர் “விபிஎன் போட்டால் சரிதானே” என்று எம்மிடம் கேட்கிறார்கள். விபிஎன் எமது முகவரியை மற்றப் பயனாளரிடமிருந்து மறைக்கும். அவ்வளவு மட்டும் உண்மை. ஆனால் எமது போக்குவரத்து முழுவதும் அந்த விபிஎன் நடத்துபவரின் கையால் போகிறது. காசு வாங்காமல் அதைச் செய்பவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்று கேட்க வேண்டும். ஹோலா என்ற இலவசச் சேவை தன் பாவனையாளரின் இணைப்பையே பிறருக்கு விற்றது 2015 இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதாவது முன்பின் தெரியாத ஒருவர் செய்த வேலைக்கு உங்கள் வீட்டு முகவரி பதிவாகலாம். டோர் என்ற மறைவு வலையமைப்பை நடத்துபவர்களும், பிட்டொரென்டை அதனூடாக ஓட்டினால் உண்மை முகவரி கசியக்கூடும் என்று 2010 இலேயே எச்சரித்தார்கள். விபிஎன் கெட்ட கோப்பை நல்லதாக்காது. தவறாக அனுப்பிய படத்தைத் திருப்பி எடுத்தும் தராது.

நாம் செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. வேலியடைப்பது போன்ற வேலை இது.

1. அடையாள அட்டை, உறுதி, வங்கிப் புத்தகம், பெண்பிள்ளைகளின் படங்கள் ஆகியவற்றைப் பாட்டும் படமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டாம். கடவுச்சொல் கேட்கும் பூட்டிய கோப்புறையில் வையுங்கள். ஒரு பிரதியை வேறோர் இடத்திலும் பேணுங்கள்.

2. அனுப்பும்போது கோப்பை மட்டும் தெரிவு செய்யுங்கள், கோப்புறையை அல்ல. அனுப்பு முன் எத்தனை கோப்புக்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

3. புளூடூத், குவிக் ஷெயார், எயார்டிரொப் ஆகியவற்றில் உங்கள் கருவி “எல்லோருக்கும்” தெரியும்படி விட வேண்டாம். ஐபோனில் 2022 முதல் அந்த அனுமதி 10 நிமிடத்தில் தானாக முடிகிறது. மற்றத் தொலைபேசிகளில் வேலை முடிந்ததும் நீங்களே நிறுத்துங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்புவதை ஏற்க வேண்டாம்.

4. செயலியை உரிய இடத்திலிருந்தே எடுங்கள், புதுப்பித்து வையுங்கள். பகிரும் செயலி உங்கள் தொடர்பு இலக்கங்களைக் கேட்டால், எதற்கு என்று யோசியுங்கள்.

5. கணனியில் பகிர்வு மென்பொருள் இருந்தால் எந்தக் கோப்புறை திறந்துள்ளது என்று பாருங்கள். பாட்டு என்று வந்த கோப்பு நிறுவச் சொல்லிக் கேட்டால், திறவாமல் அழியுங்கள்.

6. முக்கிய பத்திரத்தை அனுப்பத்தான் வேண்டுமென்றால் கடவுச்சொல் இட்டு அனுப்புங்கள். அந்தச் சொல்லை வேறு வழியில், நேரில் அல்லது அழைப்பில் சொல்லுங்கள்.

பொறுப்பு யாருடையது?

எல்லாப் பாரத்தையும் ஏழைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. பத்திரங்களைப் படமெடுத்து அனுப்பு என்று மக்களிடம் கேட்கும் அலுவலகங்களும், எம்மைப் போன்ற தொண்டு நிறுவனங்களும் முதலில் தம்மைக் கேட்க வேண்டும். எமது ஊழியரின் தொலைபேசியில் எத்தனை குடும்பங்களின் அடையாள அட்டைகள் கிடக்கின்றன? வேலை முடிந்ததும் அவற்றை அழித்தோமா? இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. கேட்கும் உரிமை தமக்கு உண்டென்று மக்கள் அறிந்தால்தான் அதற்கு உயிர் வரும். உங்கள் பத்திரத்தின் படத்தை ஒருவர் கேட்டால், எதற்கு, எவ்வளவு காலம், யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல.

மறைப்பதற்கு ஏதும் இல்லாதவருக்கு ஏன் மறைவு என்று சிலர் சொல்வதுண்டு. கொட்டிலில் வாழ்ந்தவர்களிடம் அதைச் சொல்ல வேண்டாம். சேலை ஒன்றைக் குறுக்கே கட்டி ஒரு குடும்பத்துக்கு ஒரு மூலையை உண்டாக்கியவர்கள் எமது தாய்மார். அந்தத் திரை களவை மறைக்கக் கட்டியதல்ல. மானத்தைக் காக்கக் கட்டியது. தொலைபேசிக்கும் அப்படியொரு திரை வேண்டும்.

கொடுப்பதை நிறுத்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. விதை கொடுக்கும்போது முறத்தில் புடைத்துக் கொடுக்கிறோம் அல்லவா? அதே கையால் இதையும் புடைத்துக் கொடுப்போம். இன்று மாலை பிள்ளைகளை அருகில் இருத்தி, வீட்டிலுள்ள தொலைபேசியை ஒருமுறை திறந்து பாருங்கள். அவர்களுக்கு வழி தெரியும். எதைக் காக்க வேண்டுமென்பது உங்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் வேலி தானாக எழும்.