வெள்ளிக்கிழமை மதியம் யாரு பாஸ் இருப்பா?

வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டரை மணிக்கு உங்க கிளாஸ்ல எத்தனை தலை இருக்கும்? உண்மையைச் சொல்லுங்க. எங்க டிபார்ட்மென்ட்டில் அறுபதுக்கு இருபது தேறினாலே பெரிய விஷயம். ஹாஸ்டல் பசங்க லஞ்ச் முடிஞ்ச கையோட பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்திருப்பாங்க.

டெல்லியிலும் இதே கதைதான். பார்லிமென்ட் கூட்டம் நடக்கும் நாட்களில், வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரத்தை 'தனிநபர்' உறுப்பினர்களுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. அப்பப் பார்த்துதான் நிறைய எம்.பி.க்கள் தொகுதிக்கு ஃப்ளைட் பிடிக்கக் கிளம்பிடுவாங்க!

தனிநபர்னா எதிர்க்கட்சிக்காரர்னுதானே நினைச்சீங்க? நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். இல்லை. மந்திரியா இல்லாத அத்தனை பேரும் தனிநபர்தான், ஆளுங்கட்சி எம்.பி. உட்பட. 2003-ல் வந்த 91-வது அரசியல் சட்டத் திருத்தப்படி, பிரதமரையும் சேர்த்து மந்திரிகள் எண்ணிக்கை மக்களவை பலத்தில் 15 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 543-ல் 15 சதவிகிதம்னா 81 (கால்குலேட்டர் இல்லாமப் போட்டேன், நம்புங்க). அந்த 81 பேரும் மக்களவைக்காரங்கன்னே வெச்சுக்கிட்டாலும் மிச்சம் 462 பேர். மாநிலங்களவைக்காரங்க தனி. இவங்க யாரு வேணும்னாலும் ஒரு சட்டத்தை எழுதி எடுத்துட்டு வரலாம்.

வரலாம்தான். ஆனா, 1952-ல் இருந்து அப்படி வந்து முழுசா சட்டமானது எத்தனை தெரியுமா? 14. கடைசியா ஒண்ணு சட்டமானது 1970-ல். நம்ம அப்பாக்களில் பாதிப் பேர் அப்ப பிறந்திருக்கவே மாட்டாங்க!

ஏன் இப்படி? மசோதாவுக்கு ஒரு மாசம் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். எது முதல்லங்கிறதைக் குலுக்கல் போட்டு முடிவு பண்ணுவாங்க. அதிர்ஷ்டம் இருந்தா விவாதத்துக்கு வரும். ரெண்டு மூணு வெள்ளிக்கிழமை பேசுவாங்க. கடைசியில் மந்திரி எழுந்து, "உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுகிறோம், அரசே பரிசீலிக்கும், வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். இவரும் வாங்கிக்கொள்வார். ப்ராஜெக்ட் ஐடியாவை கைடுகிட்ட சொன்னா, "நல்லாருக்குப்பா, அப்புறம் பார்ப்போம்"பாரே... அதேதான்.

2015 ஏப்ரல் 24. அதுவும் வெள்ளிக்கிழமைதான். மாநிலங்களவையில் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கை, திருநம்பியர் உரிமை மசோதா விவாதத்தில் இருந்தது. முந்தின வருஷம் ஏப்ரலில்தான் சுப்ரீம் கோர்ட் அவங்களைத் தனிப் பாலினமா அங்கீகரிச்சுத் தீர்ப்பு சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் 2008-லேயே அவங்களுக்கு நல வாரியம் வந்தாச்சு. நாட்டுக்குப் பொதுவா ஒரு சட்டம்தான் இல்லை. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவிகித இடஒதுக்கீடு கேட்டது சிவாவின் மசோதா.

வழக்கம்போல அரசுத் தரப்பு, "வாபஸ் வாங்கிக்கங்க"ன்னு கேட்டுச்சு. அவர் மாட்டேன்னுட்டார்! ஓட்டெடுப்புக்கு விடுங்கன்னு நின்னார். இப்ப யோசிங்க. ஓட்டெடுப்புன்னா பட்டனை அழுத்தணும். திருநங்கைகள் உரிமைக்கு எதிரா யார் யார் கை தூக்கினாங்கன்னு பேரோட பதிவாகும். யாருக்கு அந்தத் தைரியம் வரும்? கடைசியில் குரல் வாக்கெடுப்பிலேயே, எதிர்ப்பில்லாம மசோதா நிறைவேறிடுச்சு. எனக்கு இதில் பிடிச்சதே அந்த 'மாட்டேன்'தான். பெரும்பான்மை கையில் இல்லாத ஒருத்தர்கிட்ட மிச்சம் இருந்த ஒரே ஆயுதம் அது.

படமா இருந்தா இங்கே 'சுபம்' போட்டிருக்கலாம். ஆனா, சட்டமாக ரெண்டு சபையும் ஓகே சொல்லணுமே? 2016-ல் மக்களவையில் பிஜு ஜனதா தளத்தின் பாண்டா அந்த மசோதாவைக் கையில் எடுத்தார். அங்கே தேறவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் அரசே சொந்தமா ஒரு மசோதா கொண்டுவந்தது. 2018 டிசம்பரில் மக்களவை அதை நிறைவேற்றியது. 2019-ல் சபையே கலைஞ்சதும் அது காலாவதி. திரும்பப் புதுசா கொண்டுவந்து, 2019 நவம்பர் 26-ல் மாநிலங்களவையில் நிறைவேற்றினாங்க.

அந்தச் சட்டத்தில் 2 சதவிகிதம் இல்லை. அடையாளத்துக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் சான்றிதழ் வாங்கணும்னு இருந்தது. யாருக்காகச் சட்டமோ அவங்களே தெருவில் இறங்கி எதிர்த்தாங்க. இதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கன்னு தீர்மானம் கொண்டுவந்தவர் யாருங்கிறீங்க? அதே சிவா. தோத்துட்டார்.

அப்ப 2015-ல் அவர் ஜெயிச்சது வேஸ்ட்டா? ஃப்ரெண்ட்ஸோட கேன்டீனில் இதை வெச்சு அரை மணி நேரம் சண்டை போட்டேன். என் கட்சி இதுதான்: அந்த வெள்ளிக்கிழமை இல்லேன்னா அரசு அவ்வளவு சீக்கிரம் அசைஞ்சிருக்காது. தனிநபர் மசோதா வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பும். எழுந்தவர் என்ன சமைக்கிறார்ங்கிறது அவர் இஷ்டம். நாம கேட்டது பிரியாணி, வந்தது உப்புமா. என் ஃப்ரெண்ட் ஒத்துக்கலை. "உப்புமா போட்டு வாயை அடைச்சதுக்குப் பட்டினியே கிடந்து கேட்டிருக்கலாம்"னான். அதுக்கு என்கிட்ட இன்னமும் பதில் இல்லை.

எந்த எம்.பி. என்னென்ன மசோதா கொடுத்தார்ங்கிற விவரமெல்லாம் பார்லிமென்ட் இணையதளத்திலேயே இருக்கு. எங்க தொகுதிக்காரர் பேரைப் போட்டுத் தேடினேன். பேர் வேணாம், விடுங்க. முட்டை! அந்த ஸ்க்ரீனையே ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன், ஏன்னா போன தேர்தலில் என் முதல் ஓட்டே அவருக்குத்தான் போட்டேன். நீங்களும் உங்க ஆளைத் தேடிப் பார்த்துட்டு, என்ன வந்துச்சுன்னு எழுதுங்க. எனக்கு லேப்புக்கு நேரமாச்சு... ஆமா, இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதான்!