மூன்றாம் கட்டம் எங்கே?

புத்தொழில் முனைவோருக்கு ஒன்றிய அரசின் பைராக் அமைப்பு தரும் 'பிக்' மானியத்துக்கு விண்ணப்பம் கோரும் வாரங்களில் நம் இதழுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பொறியாளர் சம்பளத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது, உதிரிகளுக்கான ஜி.எஸ்.டி.யைத் திட்டச் செலவில் சேர்க்கலாமா, காப்புரிமைத் தேடலை யாரிடம் கொடுப்பது. எல்லாமே தேவையான கேள்விகள்தான். ஆனால் 18 மாதங்கள் முடிந்து, 50 லட்ச ரூபாயும் செலவாகி, கருவி மேசைமேல் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் நாளில் அதை யார் வாங்கப்போகிறார்கள் என்று எவரும் கேட்டு எழுதுவதில்லை.

கோவை வாசகர் ஒருவரின் அனுபவம் இது. பிறந்த குழந்தைகளின் மூச்சைக் கண்காணிக்கும் சிறிய கருவி ஒன்றைச் செய்தார். அரசு மானியம் கிடைத்தது. சோதனை உரிமம், தரச்சான்று, உற்பத்தி உரிமம் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு மருத்துவர்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, "இது எங்களுக்கு வேண்டும்" என்றார்கள். டெண்டர் வந்தது. கடந்த மூன்று ஆண்டு விற்றுமுதலையும், இதே கருவியை முன்பு வழங்கியதற்கான சான்றையும் கேட்டார்கள். முதன்முதலாகச் செய்த கருவிக்கு முந்தைய விற்பனை எங்கிருந்து வரும்? இன்று அதே பட்டறையில் அவர் பம்ப்செட் உதிரிகள் செய்கிறார். மானியத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்து கோப்பும் மூடப்பட்டுவிட்டது. அந்தக் கருவி மட்டும் எந்த வார்டுக்கும் போகவில்லை.

சிறு நிறுவனங்களுக்கு அரசே ஆராய்ச்சிப் பணம் தரும் முறைக்கு முன்னோடி அமெரிக்காவின் எஸ்.பி.ஐ.ஆர். திட்டம். தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் வகுத்த முறை அது. 1977-இல் அங்கே தொடங்கி, 1982-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் நாடு முழுவதற்குமானது. வெளியாருக்குத் தரும் ஆராய்ச்சி நிதி 10 கோடி டாலரைத் தாண்டும் ஒவ்வொரு துறையும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்றது சட்டம். 0.2 விழுக்காட்டில் ஆரம்பித்த அந்தப் பங்கு பின்னாளில் 3.2 விழுக்காடாக உயர்ந்தது. தொடக்க காலத்தில் இந்தப் பணத்தைப் பெற்றவற்றுள் குவால்காமும் ஒன்று.

இந்தத் தொகைகளைப் பற்றி நம் கருத்தரங்குகளில் நிறையப் பேசியாகிவிட்டது. அந்தத் திட்டத்தின் மூன்று கட்டங்களைப் பற்றித்தான் பேசவில்லை. முதல் கட்டத்தில் எண்ணம் நடக்குமா என்று பார்க்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் அதை உருவாக்குகிறார்கள். மூன்றாம் கட்டத்துக்குத் திட்டத்திலிருந்து ஒரு காசும் கிடையாது. அதற்குப் பதிலாக, அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த பொருளை அரசுத் துறை இன்னொரு போட்டி நடத்தாமல் அந்த நிறுவனத்திடமே நேரடியாக வாங்கலாம். முதல் இரண்டு கட்டங்களுக்குத் தேர்வானபோதே போட்டி நடந்து முடிந்துவிட்டது என்பது அதற்கான நியாயம்.

நம் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல் கொண்டுவந்த எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. திட்டத்துக்குப் பெயரே ஏறக்குறைய அதுதான். அதிலும் முதல் கட்டம் உண்டு, இரண்டாம் கட்டம் உண்டு. அத்தோடு நின்றுவிட்டது. 2012-இல் பைராக் வந்தபின் மானியங்களின் வகை பெருகியது. நம்மில் பலர் இன்று தொழிலில் இருப்பதே அதனால்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் மானியம் தரும் அரசும் மருத்துவமனைக்குக் கருவி வாங்கும் அரசும் இன்றுவரை ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

விதியே இல்லை என்று சொல்ல முடியாது. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், தரத்தில் குறையில்லை என்றால் புத்தொழில் நிறுவனங்களுக்கு முன் அனுபவம், விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்கின்றன. 'தளர்த்தலாம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் சிக்கல். தளர்த்தினால் நாளை தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுத வேண்டியவர் கையெழுத்துப் போட்ட அதிகாரி. தளர்த்தாவிட்டால் அவரை யாரும் கேட்கமாட்டார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் தயங்கியிருப்பேன். அதிகாரிகளின் துணிச்சலை நம்பி ஒரு தொழில் வளர முடியாது.

இந்த முடிச்சைப் பாதுகாப்புத் துறை ஓரளவு அவிழ்த்திருக்கிறது. 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டத்தில், இன்னது வேண்டும் என்று முப்படைகளே முதலில் எழுதித் தருகின்றன. பிறகுதான் நிறுவனங்கள் விண்ணப்பிக்கின்றன. தொடக்கத்தில் 1.5 கோடி ரூபாய் வரை மானியம்; நிறுவனமும் ஈடான பங்கு போடவேண்டும். வென்று வந்த பொருளை வாங்குவதற்கு 2020-இன் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையிலேயே வழி வைத்திருக்கிறார்கள். ட்ரோனுக்கு முடிந்தது இன்குபேட்டருக்கு ஏன் முடியாது?

2025-இல் ஒன்றிய அரசு அறிவித்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதியைப் பற்றிப் பலர் ஆவலோடு விசாரிக்கிறார்கள். அது பெரும்பாலும் நீண்டகாலக் கடனாகவும் முதலீடாகவும் வரும் பணம், மானியம் அல்ல. கையில் ஆர்டர் உள்ளவருக்குக் குறைந்த வட்டிக் கடன் பெரிய வரம். வாங்குவோர் இல்லாத பட்டறைக்கு அதுவும் கடன்தான்.

நேரடிக் கொள்முதல் வேண்டியவருக்குச் சலுகையாக மாறிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் அளவு வைத்துக் கேட்கிறோம். வல்லுநர் குழு தேர்ந்தெடுத்து, அரசுப் பணத்தில் முடிந்து, உரிமமும் பெற்ற கருவிகளுக்கு மட்டும். முதலில் பத்து மருத்துவமனைகளில், ஓராண்டுக்கு, விலை கொடுத்து வாங்கும் சோதனைக் கொள்முதல். இலவச மாதிரியாக வேண்டாம்; இலவசமாகக் கிடைத்ததைப் பழுதுபார்க்கச் சொல்லி எந்தச் செவிலியரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. ஓராண்டு முடிவில் அந்த மருத்துவமனைகள் தரும் அறிக்கையே அடுத்த டெண்டருக்கு முன் அனுபவச் சான்றாக ஏற்கப்பட வேண்டும். 'ஏற்கலாம்' என்று எழுதினால் போதாது.

இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். மானியத்தில் முடித்த உங்கள் கருவி எந்த டெண்டரில், எந்த நிபந்தனையில் நின்றது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, டெண்டர் ஆவணத்தின் அந்தப் பக்க நகலோடு அடுத்த இதழுக்குள் அனுப்பிவையுங்கள்.